லேசர் எப்படிப் பிறந்தது? வரலாறும் இயற்பியல் வேர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேசரின் பயன்களைச் சொல்லும் எழுத்துகள் ஏராளம். அது ஏன் 1960-இல் பிறந்தது, தேவையான கோட்பாடும் பொருள்களும் கைவசம் இருந்த 1930-களில் ஏன் பிறக்கவில்லை என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடைப்பது அரிது. கீழே உள்ள கேள்விகளும் விடைகளும் பெரும்பாலும் அந்த ஒரு புதிரைச் சுற்றியே அமைந்தவை.

சாதாரண விளக்கின் ஒளிக்கும் லேசர் ஒளிக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

மின்விளக்கின் இழையிலும் சூரியனின் பரப்பிலும் கோடானுகோடி அணுக்கள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல், தத்தம் வேளையில் தத்தம் திசையில் ஒளியை உமிழ்கின்றன. அதனால் அந்த ஒளியில் பல அலைநீளங்கள் கலந்திருக்கின்றன. அலைகளின் ஏற்ற இறக்கங்களுக்கு இடையே ஒழுங்கு எதுவும் இருப்பதில்லை. லேசரிலோ ஓர் அணு உமிழும் ஒளி அடுத்த அணுவின் உமிழ்வைத் தீர்மானிக்கிறது. ஒரே அலைநீளத்தில், ஒரே திசையில், ஒரே கட்டத்தில் (அதாவது ஏற்ற இறக்கங்கள் ஒன்றாக நிகழும்படி) அலைகள் சேர்ந்து நடக்கும் இந்த நிலையை ஓரியல் தன்மை என்கிறோம். லேசரின் சிறப்பு அதன் மொத்தத் திறனில் இல்லை. வகுப்பறையில் சுட்டிக்காட்டப் பயன்படும் லேசரின் திறன் சில மில்லிவாட்டுகள்தான். அந்தச் சிறு திறன் மிகக் குறுகிய கற்றைக்குள்ளும் மிகக் குறுகிய நிறப்பட்டைக்குள்ளும் அடங்கியிருப்பதே அதை ஒப்பற்றதாக்குகிறது.

ஐன்ஸ்டைன்தான் லேசரைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியா?

சரியன்று. ஆனால் லேசர் எந்த நிகழ்வால் இயங்குகிறதோ, அதை முதலில் உணர்ந்தவர் அவரே. அவர் தேடிச் சென்றது வேறொன்றை. சூடான கரும்பொருள் (தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உட்கவரும் பொருள்) எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கதிர்வீச்சைத் தரும் என்பதற்கான சரியான வாய்பாட்டை 1900-இல் மாக்ஸ் பிளாங்க் கண்டிருந்தார். அணுக்கள் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே இருக்க முடியும் என்று 1913-இல் நீல்ஸ் போர் சொன்னார். இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் அப்போது இல்லை. பொதுச் சார்பியல் கோட்பாட்டை முடித்த கையோடு, 1916-இல் ஐன்ஸ்டைன் இந்தச் சிக்கலுக்குத் திரும்பினார்.

அணு ஒளியை உட்கவர்ந்து மேல்மட்டத்துக்குச் செல்வது ஒரு நிகழ்வு. மேல்மட்டத்திலிருந்து தானாகவே கீழிறங்கி ஒளியை உமிழ்வது இன்னொன்று. இந்த இரண்டை மட்டும் வைத்துச் சமநிலையைக் கணக்கிட்டால் பிளாங்கின் வாய்பாடு கிடைப்பதில்லை. உயர் அதிர்வெண்களில் மட்டும் பொருந்தும் வீனின் பழைய விதிதான் கிடைக்கிறது. மூன்றாவதாக ஒரு நிகழ்வைச் சேர்த்தபோது பிளாங்கின் வாய்பாடு அப்படியே வெளிப்பட்டது: மேல்மட்டத்தில் இருக்கும் அணுவை, அதற்கேற்ற அதிர்வெண் கொண்ட ஒளி வந்து தூண்டினால், அந்த அணு கீழிறங்கித் தன் ஒளியையும் வந்த ஒளியோடு சேர்த்துவிடும். இதுவே தூண்டு உமிழ்வு. தமக்கு ஓர் அருமையான வெளிச்சம் கிடைத்திருப்பதாக அவ்வாண்டே நண்பர் மிக்கேல் பெஸ்ஸோவுக்கு ஐன்ஸ்டைன் மடல் எழுதினார்.

1917-இல் பரவலாகப் படிக்கப்பட்ட கட்டுரையில் அவர் இன்னொன்றையும் காட்டினார். ஒளியை உமிழும்போதும் உட்கவரும்போதும் அணு ஒரு குறிப்பிட்ட திசையில் உந்தப்படுகிறது. அதாவது ஒளித்துகளுக்கு உந்தமும் உண்டு. அந்தக் கட்டுரையில் இந்தப் பகுதியையே அவர் முதன்மையானதாகக் கருதினார். அதன் பயன் விளைய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதைப் பின்னர் காண்போம். தூண்டப்பட்டு வெளிவரும் ஒளி, தூண்டிய ஒளியோடு கட்டத்திலும் ஒத்துப்போகும் என்பதற்கான உறுதியான குவாண்டம் அடித்தளம் 1927-இல் பால் டிராக் எழுதிய கதிர்வீச்சுக் கோட்பாட்டில்தான் அமைந்தது.

சத்தியேந்திர நாத் போஸுக்கு இதில் பங்கு உண்டா?

லேசரை உருவாக்கியதில் நேரடிப் பங்கு இல்லை. ஆனால் அடித்தளத்தில் அவர் பெயர் இருக்கிறது. டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய போஸ், ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்த முடியாதவையாகக் கொண்டு எண்ணினால் பிளாங்கின் வாய்பாடு நேராகக் கிடைக்கும் என்று 1924-இல் காட்டினார். அந்தக் கட்டுரையை ஐன்ஸ்டைனே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். ஒரு நிலையில் ஏற்கெனவே எத்தனை ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், இருக்கின்றனவோ, அதற்கேற்ப இன்னொன்று அதே நிலையில் சேரும் வாய்ப்பும் கூடுகிறது என்ற இயல்பை இந்த எண்ணும் முறை தெளிவாக்குகிறது. தூண்டு உமிழ்வுக்குப் பின்னால் இருப்பதும் இதே இயல்புதான்.

கோட்பாடு 1917-இலேயே இருந்தபோது, 1960 வரை 43 ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன?

இந்த வரலாற்றில் மிகவும் சிந்திக்க வைக்கும் கேள்வி இதுவே. பொருள்கள் இல்லாததால் தாமதம் என்று சொல்ல முடியாது. நியான் விளக்குகள் 1910 முதல் பாரிஸில் ஒளிர்ந்தன. எதிரெதிரே வைக்கப்பட்ட இரு இணை ஆடிகளைக் கொண்ட கருவியை பாப்ரி, பெரோ என்னும் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமைத்துவிட்டனர். வாயுவில் மின்சாரம் பாய்ச்சும் குழாய், நல்ல ஆடிகள், நுட்பமான நிறமாலை அளவீடு ஆகிய மூன்றும் 1930-களின் சிறந்த ஆய்வகங்களில் இருந்தன.

தூண்டு உமிழ்வை எவரும் மறந்துவிடவுமில்லை. மேல்மட்ட அணுக்கள் கடந்து செல்லும் கற்றையை வலுப்படுத்தக்கூடும் என்று ரிச்சர்டு டோல்மன் 1924-இல் எழுதினார். ஆனால் அந்த விளைவு புறக்கணிக்கத்தக்கது என்று கருதினார். பெர்லினில் ரூடால்ஃப் லாடன்பர்கும் ஹான்ஸ் கோஃபர்மனும் 1928-இல் மின்சாரம் பாய்ச்சப்பட்ட நியானின் நிறப்பிரிகையை (அலைநீளத்துக்கேற்ப ஒளி விலகும் அளவு மாறுவதை) அளந்து, மேல்மட்ட அணுக்களின் தடத்தைக் கண்டுவிட்டனர். மாஸ்கோவில் வாலன்டின் ஃபாப்ரிகாண்ட் 1939-இல் தம் ஆய்வேட்டில், கீழ்மட்டத்தைவிட மேல்மட்டத்தில் அதிக அணுக்கள் இருந்தால் ஒளி பெருகும் என்பதை எடுத்துச் சொன்னார்.

பிறகு எது தடுத்தது? முதல் காரணம், வெப்பச் சமநிலை என்ற எண்ணத்தின் பிடி. அறை வெப்பநிலையில் ஒரு பொருளில், சிவப்பு ஒளியை உமிழக்கூடிய மேல்மட்டத்தில் ஓர் அணு இருந்தால், கீழ்மட்டத்தில் ஒன்றுக்குப் பின் 30 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையில் அணுக்கள் இருக்கும். எவ்வளவு சூடேற்றினாலும் மேல்மட்டத்தின் எண்ணிக்கை கீழ்மட்டத்தை நெருங்குமே தவிர மிஞ்சாது. இந்த விதியைக் கற்றுத் தேர்ந்தவர்களுக்கு, எண்ணிக்கையைத் தலைகீழாக்குவது இயற்கைக்கு முரணானதாகத் தோன்றியது. உண்மையில் அந்த விதி சமநிலையில் உள்ள பொருள்களுக்கு மட்டுமே உரியது. வெளியிலிருந்து ஆற்றலைத் தொடர்ந்து செலுத்தும் அமைப்பை அது கட்டுப்படுத்துவதில்லை.

இரண்டாவது காரணமே ஆழமானது என்று கருதுகிறேன். பெருக்கமும் பின்னூட்டமும் அக்காலத்தில் வானொலிப் பொறியாளர்களின் சிந்தனை; ஒளியியலாளர்களின் சிந்தனையில் அவை இடம்பெறவில்லை. திருமண மண்டபத்தில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் அருகே கொண்டு போனால் காதைத் துளைக்கும் ஊளை எழுவதைக் கேட்டிருப்போம். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதி மீண்டும் உள்ளே நுழைந்து, சுற்றுக்குச் சுற்று வளர்ந்து, ஒரே சுருதியில் நிலைகொள்வதால் அது எழுகிறது. வானொலி அலைகளை உண்டாக்கும் அலையியற்றிகள் எல்லாம் இந்த நெறியில் இயங்கின. அணுக்களை ஆராய்ந்தவர்களோ, ஒளியை அணுவின் இரகசியங்களைச் சொல்லும் தூதாகப் பார்த்தார்கள். அணுக்களைக் கொண்டு அலையியற்றி செய்யலாம் என்று பார்க்கவில்லை. இவ்விரு மரபுகளும் ஒரே மனிதரின் மூளையில் சந்திக்க இரண்டாம் உலகப் போரின் ரேடார் பணி தேவைப்பட்டது. நூற்றுக்கணக்கான இயற்பியலாளர்கள் அப்போது நுண்ணலைப் பொறியியலைக் கற்றார்கள். போர் முடிந்ததும் அந்த அறிவோடும் மிஞ்சிய கருவிகளோடும் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பினார்கள்.

மேசர் என்பது என்ன? அது லேசருக்கு முன்னால் வந்தது ஏன்?

லேசரின் நெறியில், ஒளிக்குப் பதிலாக நுண்ணலைகளைப் பெருக்கும் கருவியே மேசர். அதை உருவாக்கிய சார்லஸ் டவுன்ஸ், போர்க்காலத்தில் பெல் ஆய்வகத்தில் ரேடார் கருவிகளில் பணியாற்றியவர். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூலக்கூறுகளின் நுண்ணலை நிறமாலையை ஆராய்ந்தார். 1951 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் ஒரு குழுக் கூட்டத்துக்குச் சென்றிருந்தபோது, அதிகாலையில் ஃபிராங்க்ளின் பூங்காவின் இருக்கையில் அமர்ந்து அவர் கணக்கிட்டார். மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிய ஒத்ததிர்வுக் குழிகளை (குறிப்பிட்ட அலைநீள அலைகளை உள்ளே நிறுத்தி வளர்க்கும் உலோகப் பெட்டிகளை) கடைந்து செய்வது கடினம். அப்படியானால் இயற்கையே செய்து வைத்திருக்கும் மூலக்கூறுகளை அலையியற்றியாக்கலாமே என்பது அவர் எண்ணம். ஆற்றல் மிகுந்த அம்மோனியா மூலக்கூறுகளை மின்புலத்தால் பிரித்தெடுத்து ஒரு குழிக்குள் செலுத்தினால், எண்ணிக்கைத் தலைகீழாக்கம் கைகூடிவிடும்.

ஜேம்ஸ் கார்டன், ஹெர்பெர்ட் சைகர் ஆகியோருடன் அவர் உழைத்த காலத்தில், துறையின் பெரியவர்களான இசிடர் ராபியும் பாலிகார்ப் குஷும் அந்த முயற்சியை நிறுத்திவிடச் சொன்னார்கள். டவுன்ஸ் நிறுத்தவில்லை. 1954-இல் அம்மோனியா மேசர் சுமார் 1.25 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கியது.

நுண்ணலை முந்தியதற்குக் காரணம் ஐன்ஸ்டைனின் வாய்பாட்டிலேயே இருக்கிறது. தன்னிச்சை உமிழ்வின் வலிமை அதிர்வெண்ணின் மும்மடிக்கேற்ப ஓங்குகிறது. அறை வெப்பநிலையின் கதிர்வீச்சில், அம்மோனியாவின் நுண்ணலை அதிர்வெண்ணில் தூண்டு உமிழ்வு தன்னிச்சை உமிழ்வைவிட ஏறத்தாழ 260 மடங்கு அதிகம். சிவப்பு ஒளியிலோ, சூரியப் பரப்பின் வெப்பத்தில்கூட, தன்னிச்சை உமிழ்வு 100 என்றால் தூண்டு உமிழ்வு 3 அளவில்தான் இருக்கும். மேல்மட்ட அணு தூண்டப்படும்வரை காத்திருக்காமல் தானாகவே இறங்கிவிடுகிறது என்பதால், ஒளியில் தலைகீழாக்கத்தை நிலைநிறுத்த மிகுந்த ஆற்றல் வேண்டியிருந்தது.

சோவியத் ஒன்றியத்தில் இதே காலத்தில் என்ன நடந்தது?

மாஸ்கோவின் லெபடெவ் நிறுவனத்தில் நிகோலாய் பாசவும் அலெக்சாந்தர் புரோகோரவும் தாமாகவே அதே பாதையில் வந்துகொண்டிருந்தனர். மூன்று ஆற்றல் மட்டங்களைப் பயன்படுத்தி, ஒன்றுக்கு ஆற்றலை ஏற்றி மற்ற இரண்டுக்கிடையே தலைகீழாக்கம் பெறும் வழியை 1955-இல் அவர்கள் முன்மொழிந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நிகோலஸ் புளூம்பெர்கன் அதைத் திண்மப் பொருள்களுக்கு ஏற்ற வடிவில் வகுத்தார். 1964-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி டவுன்ஸுக்கும், மறுபாதி பாசவுக்கும் புரோகோரவுக்கும் கிடைத்தது. பனிப்போரின் நடுவே இரு நாட்டு அறிவியலாளர்கள் ஒரே மேடையில் நின்றது பொருத்தமான மதிப்பீடே.

மேசரிலிருந்து லேசருக்கு வந்த வழியை வகுத்தவர் யார்?

டவுன்ஸும், பெல் ஆய்வகத்தில் இருந்த அவருடைய மைத்துனர் ஆர்தர் ஷாலோவும் 1958 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரை முறையான வழியைக் காட்டியது. மேசரில் குழியின் அளவு ஏறத்தாழ அலைநீளத்தின் அளவு. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த அலைநீளம் கொண்ட ஒளிக்கு அப்படி ஒரு குழியைச் செய்ய இயலாது. பெரிய பெட்டியாகச் செய்தால் எண்ணற்ற அதிர்வு வகைகள் ஒரே சமயத்தில் எழுந்து குழம்பும். பக்கச் சுவர்களை நீக்கிவிட்டு எதிரெதிரே இரு ஆடிகளை மட்டும் வைக்கலாம் என்பது ஷாலோவின் தீர்வு. அச்சின் வழியே செல்லும் ஒளி மட்டும் மீண்டும் மீண்டும் திரும்பி வந்து வளரும். சாய்ந்து செல்வது வெளியேறிவிடும். லேசரின் கற்றை அவ்வளவு குறுகியிருப்பதும் இதனால்தான்.

கார்டன் கோல்டின் காப்புரிமை வழக்கு எதைப் பற்றியது?

கோல்டு கொலம்பியாவில் முனைவர் பட்ட மாணவராக இருந்தவர். 1957 நவம்பரில் தம் குறிப்பேட்டில் இணை ஆடிகள் கொண்ட அமைப்பை வரைந்து, கதிர்வீச்சின் தூண்டு உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து ‘லேசர்’ என்று பெயரிட்டார். சான்றுறுதி அலுவலர் ஒருவரிடம் அந்தப் பக்கங்களில் முத்திரையும் வாங்கினார். ஆனால் இயங்கும் மாதிரி இருந்தால்தான் காப்புரிமை கோரலாம் என்று தவறாக எண்ணி, 1959 வரை விண்ணப்பிக்கவில்லை. பெல் ஆய்வகத்தின் விண்ணப்பம் முந்திக்கொண்டது.

கோல்டு சேர்ந்த நிறுவனத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை சுமார் 10 லட்சம் டாலர் வழங்கியது. ஆனால் இளமையில் பொதுவுடைமை இயக்கத்தோடு கொண்டிருந்த தொடர்பால் அவருக்குப் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டது. தம் கருத்தில் பிறந்த திட்டத்தில் தாமே பணியாற்ற முடியாமல் போனது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் 1977-இல் முதல் முக்கியக் காப்புரிமையும், அடுத்த பத்தாண்டுகளில் மற்றவையும் அவருக்குக் கிடைத்தன. அப்போது லேசர் பெருந்தொழிலாக வளர்ந்திருந்ததால், அந்தத் தாமதமே அவருக்குப் பெரும் வருவாயாக மாறியது. அவரை வெறும் உரிமை கோருபவராகச் சித்திரிப்பது நியாயமன்று; லேசரால் பொருள்களை வெட்டவும் சூடேற்றவும் முடியும் என்பதை அவர் மிக முன்னதாகவே கண்டிருந்தார்.

முதல் லேசரை இயக்கிக் காட்டியவர் யார்?

தியோடர் மைமன். கலிஃபோர்னியாவின் மாலிபுவில் உள்ள ஹியூஸ் ஆய்வகத்தில், 1960 மே 16-ஆம் நாள் அவர் அதை இயக்கினார். பெரிய ஆய்வகங்கள் வாயுக்களையும் உலோக ஆவிகளையும் நாடியபோது அவர் தேர்ந்தெடுத்தது செயற்கை ரூபி படிகம். ரூபி உதவாது என்ற கருத்து அப்போது நிலவியது. அது உட்கவரும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குதான் சிவப்பொளியாக வெளிவருகிறது என்று ஓர் அளவீடு சொல்லியிருந்தது. மைமன் அதை நம்பிவிடாமல் தாமே அளந்தார். உண்மையான மதிப்பு சுமார் 75 விழுக்காடு என்று தெரிந்ததும் அவர் பாதை தெளிவாயிற்று. பிறர் அளந்த ஓர் எண்ணைத் தன் கையால் சரிபார்த்த அந்தச் செயலை, இந்த வரலாறு முழுவதிலும் மிகச் சிறந்த அறிவியல் செயலாக நான் மதிக்கிறேன்.

ரூபியில் உள்ள குரோமிய அயனிகள் பச்சை, நீல ஒளியை உட்கவர்ந்து மேலேறி, உடனே சற்றுத் தாழ்ந்த ஒரு மட்டத்துக்கு இறங்கி, அங்கே சில மில்லிநொடிகள் தங்குகின்றன. அணுவின் கணக்கில் அது மிக நீண்ட காலம். அந்த இடைவெளிக்குள் பாதிக்கு மேற்பட்ட அயனிகளை மேலேற்ற வேண்டும் என்பதால் மைமன் தொடர் விளக்கைக் கைவிட்டு, ஒளிப்படக் கலைஞர்கள் பயன்படுத்தும் சுருள்வடிவ மின்வெட்டு விளக்கை எடுத்தார். வெள்ளி பூசிய முனைகளைக் கொண்ட விரலளவு ரூபித் துண்டு அந்தச் சுருளின் நடுவே இருந்தது. விளக்கின் வலிமை ஓர் எல்லையைத் தாண்டியதும் 694.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு ஒளித் துடிப்பு வெளிப்பட்டது.

முன்னணி அமெரிக்க இதழ் ஒன்று அவர் கட்டுரையை மறுத்துவிட்டது; மேசர் பற்றிய இன்னொரு கட்டுரை என்று அதன் ஆசிரியர் எண்ணினார். 1960 ஆகஸ்ட் 6-ஆம் நாள் பிரிட்டனின் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது. மைமனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கோட்பாட்டின் பங்கை எவ்வளவு உயர்வாக மதித்தாலும், அது ஒரு குறையே.

அடுத்து வந்த லேசர்கள் எவை?

1960 டிசம்பரில், தெஹ்ரானில் பிறந்த அலி ஜவானும் வில்லியம் பென்னட், டொனால்டு ஹெரியட் ஆகியோரும் பெல் ஆய்வகத்தில் ஹீலியம்-நியான் லேசரை இயக்கினர். தொடர்ச்சியாகக் கற்றையைத் தந்த முதல் லேசர் அதுவே. முதலில் அகச்சிவப்பிலும், 1962-இல் பிற ஆய்வாளர்களின் கையில் நாம் அறிந்த சிவப்பிலும் ஒளிர்ந்தது. 1962 இலையுதிர் காலத்தில், ராபர்ட் ஹால் குழு முதலாக, சில வாரங்களுக்குள் நான்கு அமெரிக்கக் குழுக்கள் குறைகடத்தி லேசரை எட்டின. அவை திரவ நைட்ரஜனின் குளிரில் மட்டுமே இயங்கின. அறை வெப்பநிலையில் தொடர்ந்து இயங்குபவை 1970-இல் வந்தன. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர், தொழிற்சாலைகளில் உலோகத்தை வெட்டும் கருவியாயிற்று.

தொடக்கத்தில் லேசரால் பயனில்லை என்று கருதினார்களா?

“சிக்கலைத் தேடும் தீர்வு” என்று மைமனின் உதவியாளர் இர்னி டேனன்ஸ் அதைக் குறிப்பிட்டார். ஆனால் 1961 இறுதியிலேயே நியூயார்க்கில் கண்விழித்திரைச் சிகிச்சையில் ரூபி லேசர் பயன்பட்டது. 1969-இல் நிலவில் வைத்த எதிரொளிப்பானுக்கு லேசரை அனுப்பி அதன் தொலைவை அளந்தார்கள். 1974-இல் ஒஹாயோ மாநிலக் கடை ஒன்றில் பட்டைக்குறியீட்டை லேசர் படித்தது.

இவ்வரிசையில் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்ற ரங்கசாமி சீனிவாசனைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிய வேண்டும். ஐபிஎம் ஆய்வகத்தில் 193 நானோமீட்டர் புறஊதா லேசர் துடிப்புகள், சுற்றுப்பகுதியைக் கருக்காமல் பொருளின் மேற்பரப்பை மட்டும் மெல்லிய அடுக்காக அகற்றுவதை அவர் கண்டார். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் திசுவில் சோதித்தபோது, உயிர்த்திசுவிலும் அதே துல்லியம் கிடைத்தது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் செய்த இந்தப் பணியே கண்ணாடி அணியும் தேவையைக் குறைக்கும் லேசர் கருவிழிச் சிகிச்சைக்கு அடிப்படை.

லேசர் இயற்பியலுக்கு என்ன செய்தது?

1961-இல் மிச்சிகனில் பீட்டர் ஃபிராங்கன் குழு ரூபி லேசரைப் படிகக்கல்லின் வழியே செலுத்தி, பாதி அலைநீளத்தில் புறஊதா ஒளியைப் பெற்றது. சான்றான படத்தில் இருந்த சிறு புள்ளியை இதழ்க்காரர்கள் அழுக்கென்று எண்ணி நீக்கிவிட்டார்கள். அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைச் சுட்டி நிற்கிறது. செறிந்த ஒளி பொருளின் வழியே செல்லும்போது புதிய அலைநீளங்கள் பிறப்பது போன்றவற்றை ஆராயும் நேரிலா ஒளியியல் என்னும் துறை அங்கிருந்து தொடங்கியது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்ட சிதறல் மிக மங்கலானது. அதற்கு வேண்டிய செறிந்த ஒற்றைநிற ஒளியை லேசர் தந்த பிறகு, ராமன் நிறமாலையியல் வேதியியலின் அன்றாடக் கருவியாயிற்று.

ஐன்ஸ்டைன் முதன்மையாகக் கருதிய உந்தமும் பயனுக்கு வந்தது. எதிரே வரும் அணுவை லேசர் ஃபோட்டான்கள் ஒவ்வொன்றாகத் தள்ளி வேகத்தைக் குறைத்தால் அணு குளிரும் என்று 1975-இல் தியோடர் ஹான்ஷும் ஷாலோவும் எழுதினார்கள். 1985-இல் ஸ்டீவன் சூ குழு அதை முப்பரிமாணத்திலும் செய்து காட்டியது. 1995-இல் போஸும் ஐன்ஸ்டைனும் கணித்திருந்த ஒடுக்கநிலையை (கடுங்குளிரில் அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் ஒன்றுசேர்வதை) ரூபிடிய வாயுவில் எட்டியதற்கு அந்தக் குளிர்வித்தலே முதற்படி. 2015 செப்டம்பரில் ஈர்ப்பலையைப் பதிவு செய்த லைகோ கருவியும் 4 கிலோமீட்டர் நீளக் கரங்களில் ஓடும் லேசர் ஒளியையே அளவுகோலாகக் கொண்டது.

இயற்கையில் லேசர் உண்டா?

உண்டு. விண்மீன்களுக்கிடையேயுள்ள வாயு முகில்களில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் மேசராக இயங்குவது 1965-இல் தெரியவந்தது; 1969-இல் டவுன்ஸின் குழு நீராவி மேசர்களையும் கண்டது. செவ்வாயின் மேல்வளிமண்டலத்தில் சூரிய ஒளியால் கிளர்ச்சியுறும் கார்பன் டை ஆக்சைடு, 10 மைக்ரோமீட்டர் அளவிலான அகச்சிவப்புக் கதிர்களைப் பெருக்குவது 1981-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே எதிரெதிர் ஆடிகள் இல்லாததால் பின்னூட்டம் இல்லை. ஒருவழிப் பெருக்கம் மட்டுமே நிகழ்கிறது.